மான் தொடாத செடி, 7,850 ரூபாய்: 16 மாதம் கழித்து என் கணக்கு

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். 12 வகையில் 31 செடி. மண், எரு, நட்ட கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 7,850 ரூபாய். இன்றைக்கு நன்றாக இருப்பது 13. மான் தின்றது 8. மானுக்கு வேலையே வைக்காமல் வெயிலிலும் மழையிலும் தானாகப் போய்ச் சேர்ந்தது 8. மீதி இரண்டில் ஒன்றை மான் கொம்பால் உரசி ஒடித்தது, இன்னொன்றைக் குரங்கு பிடுங்கித் தூக்கிப் போட்டது. நர்சரிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அவர்கள் அனுப்பி, செடி நட வந்த பெரியவருக்கு ஐந்துக்கு ஐந்து. அவருக்குத் தனியாக நட்சத்திரம் போட எங்கேயும் கட்டம் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருப்பது சென்னை ஐஐடி வளாகத்துக்குள், தரைத்தள வீடு, கணவருக்கு இங்கே வேலை. வளாகமே கிண்டிக் காட்டிலிருந்து 1950-களின் கடைசியில் பிரித்துக் கொடுத்த நிலம், கிட்டத்தட்ட 250 ஹெக்டேர். ஒட்டினாற்போல் கிண்டி தேசியப் பூங்கா, 1978-இல் அறிவித்தது, மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். இந்தப் பக்கம் வேளச்சேரி, அந்தப் பக்கம் அடையாறு, நடுவில் புள்ளிமானும் வெளிமானும். வெளிமான் வீட்டுப் பக்கம் வராது, அதற்கு வெட்டவெளிதான் பிடிக்கும். புள்ளிமான் அப்படி இல்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் படிக்கட்டில் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும், நாம்தான் ஏதோ அத்துமீறி வந்துவிட்ட மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். நான் அதன் வாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

வாயில் இருந்தது பெரும்பாலும் என் செம்பருத்திதான். அடுக்குச் செம்பருத்தி, ஒற்றைச் செம்பருத்தி, எதுவும் மிச்சமில்லை. ரோஜாவுக்கு முள் இருக்கிறதே என்று வைத்தேன், முள்ளை நமக்கு விட்டுவிட்டு மொட்டையும் தளிரையும் பதமாக எடுத்துக்கொண்டு போனது. முருங்கைக் கொம்பு நட்டு, துளிர்த்து, இரண்டு கை உயரம் வந்ததும் ஒரே இரவில் மொட்டை. மான் உயரம்தானே என்று மேலே கட்டித் தொங்கவிட்ட தொட்டியையும் விடவில்லை, பின்னங்காலில் எழுந்து நிற்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதில் ஒன்று, மான் மேல் பழி போடுவதற்கு முன் அது மான்தானா என்று பாருங்கள். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, ஆடு மாடு போலத்தான். கடிக்காது, கவ்வி இழுக்கும், அதனால் தண்டு கிழிந்து நார் நாராக நிற்கும். முயல் என்றால் கத்தியால் சீவினாற்போல் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். குரங்கு என்றால் உங்களுக்கே தெரியும், தின்றதைவிட எறிந்தது அதிகமாக இருக்கும். நான் ஆறு மாதம் குரங்கின் வேலைக்கெல்லாம் மானைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, நர்சரிக்கு வருவோம். ஈசிஆர் பக்கம் வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்று, பேர் வேண்டாம். பெரிய இடம், நிழல்வலை போட்டு, செடியெல்லாம் பளபளவென்று, விலை எழுதி ஒட்டி, கார்டு தேய்க்கும் வசதியோடு. மான் பிரச்சினை என்று சொன்னதும் உரிமையாளர் மேசைக்குள்ளிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்தார். மேலே ஒரு மான் படம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு, கீழே 40 செடி. "மேடம், இதுல எதை வாங்கினாலும் மான் மோந்துகூடப் பாக்காது. ஒரு மாசத்துக்குள்ள மான் தின்னா மாத்தித் தர்றோம்" என்றார். அந்த மான் படத்தை அப்போதே ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. அது அமெரிக்காவின் வெள்ளைவால் மான். தாளும் அங்கே போட்ட பட்டியல்தான், தமிழில் எழுத்துக் கூட்டி அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவே. லாவெண்டர், ரோஸ்மேரி, சால்வியா என்று முதல் மூன்று பேரும் அப்படித்தான் இருந்தன.

அவருக்குக் கொஞ்சம் பாராட்டும் உண்டு. பட்டியலில் அரளி இருந்தது, வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது என்றதும் அவராகவே வேண்டாம் என்றார். அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், மஞ்சள் அரளிக் கொட்டையைப் பற்றி நம்மூரில் சொல்லவே வேண்டாம். மான் தொடாது என்பது உண்மை, ஆனால் மான் தொடாததைக் குழந்தையும் தொடாது என்று யார் சொன்னது? உன்னிச்செடியை மட்டும் "கலர் கலரா பூக்கும் மேடம்" என்று தள்ளப் பார்த்தார், நான்தான் மறுத்தேன். வெளியிலிருந்து வந்து முதுமலை வரைக்கும் காட்டை அடைத்துக்கொண்டு, மான் மேய வேண்டிய புல்லையே முளைக்கவிடாமல் செய்கிற செடியை, மானுக்குப் பயந்து காசு கொடுத்து வாங்கி ஒரு காட்டோரத்தில் நடுவதா.

நட வந்தவர் அறுபது தாண்டிய ஒரு பெரியவர், வந்தவாசிப் பக்கம் ஊர், சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். டெம்போவிலிருந்து செடிகளை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். லாவெண்டரைக் கசக்கி மோந்தார். "இது என்ன சோப்பு வாசனை வருது" என்றார். அப்புறம் மண்ணைக் கிளறிக்கொண்டே மெதுவாக, "ஏம்மா இவ்வளவு காசு போட்டு வாங்கின? ஆடு தின்னாததை வச்சா மானும் தின்னாது. ஆடு தொடா இலைன்னு பேரே வச்சிருக்காங்களே" என்றார்.

ஆடாதொடை. அந்தப் பேரை எத்தனை முறை சொல்லியிருப்பேன், சளிக்குக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறேன், ஆடு தொடாத இலை என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. "ஆடுதின்னாப்பாளையும் இருக்குங்களே ஐயா" என்றேன். "அதான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னதை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு யோசித்தால் அதில் சரியான தர்க்கம் இருக்கிறது. புள்ளிமான் முக்கியமாகப் புல் மேயும் பிராணி, புல் காய்ந்தால்தான் தழை, சருகு, உதிர்ந்த பழம் என்று போகும். ஆடு அப்படியில்லை, வேலி, முள், காகிதம் என்று எல்லாவற்றிலும் வாய் வைக்கும். ஆடே ஒதுக்கிவிட்ட இலை என்றால் அது எப்பேர்ப்பட்ட இலையாக இருக்க வேண்டும். லேமினேட் தாளைவிட இந்தச் சோதனை கடினமானது, பல தலைமுறையாக நடந்தது, அதுவும் இதே மண்ணில்.

நட்ட மூன்றாம் நாளே சண்டை. பாம்புக் கற்றாழை இரண்டும் வேரோடு பிடுங்கப்பட்டுப் பாதையில் கிடந்தன, ஓரத்தில் லேசாகக் கவ்விய தடம். நித்தியகல்யாணியில் ஒன்றும் அப்படியே. போட்டோ எடுத்து அனுப்பி, மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "மேடம், மான் தின்னல, பிடுங்கித்தான் போட்டிருக்கு. தின்னாதான் கேரண்டி." கோபம் வந்தாலும் சிரித்துவிட்டேன். அவர் பக்கம் ஒரு நியாயம்கூட இருக்கிறது. புதிதாக எது முளைத்தாலும் மான் ஒரு தடவை வாய் வைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும், ஆனால் அந்த ஒரு இழுப்பிலேயே வேர் பிடிக்காத செடி வெளியே வந்துவிடும். இதை நடும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா. பிடுங்கியதை மறுபடி நட்டேன், மூன்றும் பிழைத்தன. அதற்கப்புறம் புதுச்செடி எதை வைத்தாலும் அடியைச் சுற்றி நாலு கல் வைத்து அழுத்திவிடுகிறேன், ஒரு மாதம் தாண்டினால் கல்லை எடுத்துவிடலாம்.

நர்சரியிலிருந்து வரும் செடி என்பதே ஒரு தனிப் பிரச்சினை. உரம் போட்டு, தினமும் தண்ணீர் விட்டு, நிழலில் வளர்த்த தளிர், தழைச்சத்து ஏறி மெத்தென்று இருக்கும். அதே செடி மண்ணில் ஒரு வருஷம் வெயில் பட்டு நின்றால் இலை தடித்து, காரமோ கசப்போ ஏறி, மானுக்கு வேண்டாததாகிவிடும். காகிதப்பூவில் இதைக் கண்ணால் பார்த்தேன். முள் முற்றாத இளங்கொம்பையெல்லாம் முதல் கோடையில் வரிசையாகத் தின்றது, அடுத்த வருஷம் முள் முற்றிய பிறகு கிட்டே வரவில்லை. அதனால் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், நோஞ்சானாக, கொஞ்சம் முற்றியதாகப் பார்த்து எடுங்கள். விலையும் குறையும்.

லாவெண்டர் கதையை நீட்ட விரும்பவில்லை. வறண்ட, காற்றோட்டமான, ராத்திரி குளிர்கிற இடத்துச் செடி அது. சென்னைப் புழுக்கத்தில் மூன்றும் அடியிலிருந்து கறுத்து சித்திரைக்குள் முடிந்தன, மான் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை, அந்த அளவில் தாள் சொன்னது சரிதான். சால்வியா அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டவில்லை. ரோஸ்மேரி இரண்டும் என்னவோ தைரியமாக ஐப்பசி வரை வந்தன, அடைமழையில் வேர் அழுகின. மான் தின்னாத செடி என்று பார்த்து வாங்கும்போது இந்த ஊரில் பிழைக்கிற செடியா என்பதை மறந்துவிடுகிறோம்.

மான் உண்மையிலேயே தின்றது இட்லிப்பூவும் துலுக்கச் சாமந்தியும். இட்லிப்பூ நாலும் குச்சி. சாமந்தியில் இலையின் வாடை பிடிக்கவில்லை போல, பூவை மட்டும் கொய்துகொண்டு போனது, மாலை கட்டுகிறவர்கூட அவ்வளவு சுத்தமாகப் பறிக்க மாட்டார். இரண்டுமே தாளில் இருந்த பேர்கள்.

தாளின் அடியில் ஒரு பொது விதியும் போட்டிருந்தார்கள், ஒடித்தால் பால் வரும் செடியை மான் தொடாது என்று. நம்ம ஊரிலும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆலும் அரசும் ஒடித்தால் பால்தான், அந்தத் தழைக்கும் பழத்துக்கும் மான் அடித்துக்கொள்ளும், எங்கள் தெருமுனை ஆலமரத்தடியில் காற்றடித்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால் தெரியும். இன்னொரு பக்கம், அதே பால் வருகிற நந்தியாவட்டையை ஒரு கடி பார்த்துவிட்டு விட்டதோடு சரி, மூன்று செடியும் இப்போது என் தோள் உயரம், பூஜைக்கு வெளியே பூ வாங்குவதையே நிறுத்திவிட்டேன். ஆக விஷயம் பாலில் இல்லை, பாலுக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. எருக்கம்பாலிலும் இதயத்தைப் பிடிக்கிற நஞ்சுதான். கசப்பு விஷயத்திலும் இப்படியே ஏமாறலாம், வேப்பிலையைவிடக் கசப்பு உண்டா, ஆட்டுக்கு அது பலகாரம்.

நித்தியகல்யாணிக்கு என் முழு மதிப்பெண். நாலும் நாற்பதாகிவிட்டது, விதை தானாக விழுந்து முளைக்கிறது, மே மாத மதியத்தில் தோட்டத்தில் வாடாமல் நிற்பது அது ஒன்றுதான். மான் அதைத் தாண்டிப் போகும், குனியவே குனியாது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இதிலிருந்து எடுப்பவை, தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரே செய்கிறார்கள். அவ்வளவு வீரியமுள்ள இலையை மான் ஏன் தின்னப் போகிறது. பாட்டி வீட்டில் "சுடுகாட்டுப் பூ" என்று வாசலில் வைக்க விடமாட்டார்கள், எனக்கு அந்தத் தயக்கமெல்லாம் இரண்டாவது ரோஜா போனபோதே போய்விட்டது. எலுமிச்சைப்புல்லும் பரவாயில்லை, வறட்சி உச்சத்தில் இருந்த வாரம் ஒரு தடவை நடுக்குருத்தை இழுத்துப் பார்த்தது, அதோடு சரி. டெக்கோமாவின் தழையைத் தொடவில்லை, ஆனால் கொம்புள்ள ஆண் மான் ஒன்று அதைத் தன் கொம்பு தேய்க்கும் கட்டையாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. இளமரம் எதை வைத்தாலும் தண்டைச் சுற்றி மூன்று மூங்கில் குச்சி நட்டுவிடுங்கள், வாய்க்குத் தப்பினாலும் கொம்புக்குத் தப்பாது.

கூடவே என் தலையில் கட்டிய ஒரு பாட்டில், மான் விரட்டி, 480 ரூபாய், அந்த 7,850-இல் சேராது. அழுகிய முட்டையும் பூண்டும் கலந்த வாடை. வேலை செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மான் வராத தோட்டத்துக்கு நாங்களும் போக முடியவில்லை, ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், புதிதாக விடுகிற இலையில் மருந்து இருக்காது என்பதால் மழை இல்லாவிட்டாலும் சில வாரத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் வாங்கவில்லை. நைலான் வலையும் கட்டிப் பார்த்தேன், ஒருநாள் எங்கிருந்தோ பிய்த்த நைலான் கயிறு கொம்பில் சுற்றிக்கொண்டு ஒரு மான் திணறுவதைப் பார்த்த அன்றே அவிழ்த்துவிட்டேன். செடி போனால் வேறு செடி.

பெரியவர் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. அடுத்த வாரம் வேறு வேலையாக வளாகத்துக்கு வந்தவர், சைக்கிள் கேரியரில் ஒரு கட்டு ஆடாதொடைக் குச்சியும் நொச்சிக் குச்சியும் வைத்துக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை, மோர் மட்டும் குடித்தார். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி வேலியோரமாகச் சாய்த்து நட்டார், 20 குச்சி, 17 துளிர்த்தது. ஒன்றைக்கூட மான் இன்றுவரை தொடவில்லை. இரண்டு கோடை பார்த்தாகிவிட்டது. ஆடாதொடை வெள்ளைப் பூவில் ஊதாக் கோடு போட்டுக் கொத்தாகப் பூக்கிறது, தேன்சிட்டு தினம் வருகிறது, நர்சரியில் வைத்தால் "இது என்ன செடி" என்று எல்லோரும் கேட்பார்கள், அவ்வளவு அழகு. நொச்சி, கொசுவுக்கென்று மாநகராட்சியே ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த செடிதான். கொசு குறைந்ததா என்று கேட்காதீர்கள். மான் தொடவில்லை.

ஆடுதின்னாப்பாளையும் ஒரு கொடி கேட்டு வாங்கி வைத்தேன். வண்ணத்துப்பூச்சிப் புழு வந்து தின்றது, அதற்காகத்தான் வைத்தேன். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், நாட்டு மருந்து என்று யாரும் வாயில் போட வேண்டாம், குழந்தை கைக்கு எட்டாத மூலையில்தான் வைத்திருக்கிறேன்.

இயற்கை விவசாயம் செய்கிற சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இதுக்கா நர்சரிக்குப் போன? பூச்சிவிரட்டி போடறதுக்கு நாங்க பறிக்கிற இலையே அதானே" என்றார். எருக்கு, நொச்சி, ஆடாதொடை, காட்டாமணக்கு, ஊமத்தை என்று ஆடு மாடு தின்னாத இலையாகப் பார்த்துப் பறித்து, கோமியத்தில் ஊறவைத்து வயலுக்கு அடிப்பார்கள். எருக்கும் ஊமத்தையும் காட்டாமணக்கும் விஷம், குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. மற்றதை வைக்கலாம். சமையலுக்கு வேண்டும் என்றால் கற்பூரவள்ளி, துளசி, மஞ்சள், இஞ்சி, இவை நாலும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலியில்லாமல் நிற்கின்றன, தண்டும் இலையும் வாசனை தூக்கலாக இருப்பதால் மான் ஒதுங்கிப் போகிறது. செம்பருத்தி வேண்டும் என்றால் மாடிக்குக் கொண்டுபோங்கள், கீழே வைத்து என்ன செய்தாலும் அது மானுக்குத்தான்.

போன மாதம் எரு வாங்க அதே நர்சரிக்குப் போனேன். எரு நல்ல எருதான், அதற்குக் குறை சொல்ல மாட்டேன், 2 நட்சத்திரத்தில் ஒன்று அதற்கு. லேமினேட் தாள் மேசை மேல் அப்படியே இருந்தது. பக்கத்தில் கறுப்புப் பையில் வரிசையாக ஆடாதொடை, "டீர் ப்ரூஃப் ஹெர்பல், 120 ரூபாய்" என்று அட்டை. பெரியவர் பின்னால் மண் சலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அட்டையைக் கண்ணால் காட்டிவிட்டு மறுபடி சலிக்க ஆரம்பித்தார்.